இளநகை வைத்த பெயர்கள்

எங்கள் வேலாங்காட்டுப்புதூரில் பஸ்ஸுக்கு டும்பா என்று பெயர் வந்தது ஒரு புதன்கிழமை காலை எட்டே காலுக்கு. எட்டு எட்டுக்கு வர வேண்டிய டவுன் பஸ் ஏழு நிமிஷம் தாமதமாக வளைவில் திரும்பியபோது, நிழற்குடையில் தையல்கார வசுமதியின் இடுப்பில் உட்கார்ந்திருந்த அவளுடைய பதினோரு மாதப் பெண் இளநகை, வாயிலிருந்து விரலை எடுத்து, அந்த ஈர விரலாலேயே பஸ்ஸைக் காட்டி, “டும்பா” என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை. வசுமதி குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்ற சரசக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு, “டும்பா வந்துருச்சு, ஏறுங்க ஏறுங்க” என்றாள். கண்டக்டர் படியில் தொங்கியபடி, “டும்பாவுக்குள்ள எடமிருக்குதுங்க, உள்ள தள்ளி நில்லுங்க” என்றார். எதிரே டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தவர், “டும்பா கவிழ்ந்து பன்னிரண்டு பேருக்குக் காயம்” என்று படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார். மறுபடியும் டும்பாதான்.

பஸ் என்று சொல்லத்தான் எல்லோரும் வாயைத் திறந்தோம். உதடு சேரும், மூச்சு கிளம்பும், வெளியே வரும்போது டும்பாவாக வரும். ஊர் எல்லையில் இருக்கிற வாய்க்கால் பாலம் வரைதான் இது. பாலத்தைத் தாண்டியதும் பழைய வார்த்தை தானாகத் திரும்பிவிடும் என்பதால், டவுனுக்குப் போகிறவர்கள் செல்போனில், “டும்பா கூட்டமா இருக்குது, நின்னுட்டுத்தான் வர்றேன், பஸ்ஸ விட்டு எறங்குனதும் கூப்பிடறேன்” என்று ஒரே மூச்சில் பேசுவதை டிரைவர்கள் கேட்டுக் கேட்டு, பாலம் வந்துவிட்டது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டுகூடச் சொல்லிவிடுவார்கள். இது எதனால் என்பதற்கு டீக்கடையில் மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. வடை தீர்ந்ததும் எல்லோரும் தறிக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் தண்ணீர் ஞிஞ்ஞா ஆனது. அதற்கடுத்த வாரம் தறி டக்காடி ஆனது. ஊரில் இருநூறு தறிகள் விடியற்காலையிலிருந்து டக்காடி டக்காடி என்று தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொண்டிருந்தும் இத்தனை வருஷமாக நாம்தான் காதில் வாங்கவில்லை என்று தறிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் ஒரு குழந்தை இருப்பதைக் கண்டுபிடித்த இளநகை அதைப் பாப்பா என்று அழைத்ததால், சலூனில் முடி வெட்டி முடித்து, “பாப்பாவப் பாருங்க, சரியா இருக்குதா?” என்று கேட்கும்படி ஆயிற்று. முதல் மழை பார்த்த அன்று குழந்தை வாயை வட்டமாகத் திறந்து “ஓ” என்றாள். அன்றிலிருந்து எங்கள் ஊரில் மழை பெய்யவில்லை, ஓ பெய்தது. “மூணு வருசமா நல்ல ஓ இல்லீங்க” என்று காட்டுக்காரர்கள் வேளாண்மை அதிகாரியிடம் முறையிட்டார்கள். அதிகாரியும் ஊருக்குள் நின்றுகொண்டிருந்ததால், “ஓ வரும், ஓ வரும்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

இதில் ரொம்பச் சந்தோஷப்பட்டவன் குழந்தையின் அப்பன் பூபதி. அவனுக்கு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு அறிவிப்புச் செய்கிற தொழில். கோயில் நோன்பி, துணிக்கடைத் திறப்பு, மின்தடை, கண் சிகிச்சை முகாம் என்று பத்து வருஷமாக அடுத்தவர்கள் எழுதிக் கொடுத்ததையே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது சொந்த மகள் சொன்னதைச் சொல்லிக்கொண்டு போனான். ஒரு சிக்கல் இருந்தது. எதற்குப் புதுப் பெயர் என்று சொல்லப் பழைய பெயர் அவன் வாயிலும் வராது. அதனால் அந்தப் பொருளையே ஆட்டோவுக்கு வெளியே தூக்கிக் காட்டி, “அன்பார்ந்த பொதுமக்களே, இன்று முதல், இதோ, இதற்குப் பெயர் பாப்பா, பாப்பா, பாப்பா” என்று தெருத்தெருவாகப் போனான். ஆட்களும் வாசலுக்கு வந்து அது என்னவென்று பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

நடுநிலைப் பள்ளியின் தமிழாசிரியை ஞானசுந்தரி டீச்சர் மட்டும் இதைச் சும்மா விடுவதாக இல்லை. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பலகையில் மழை என்று எழுதினால் மழை என்றுதான் இருந்தது. ஆனால் நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து அதை “ஓ” என்று படித்ததில் பக்கத்து வகுப்புக்காரர்கள் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடி வந்தார்கள். டீச்சர் ஒரு சனிக்கிழமை படம் போட்ட அட்டைகளை எடுத்துக்கொண்டு வசுமதி வீட்டுக்கு வந்து, குழந்தையை எதிரே உட்கார வைத்து, மழைப் படத்தைத் தூக்கிக் காட்டி, தெள்ளத் தெளிவாக, “எங்கே, டீச்சரைப் பார்த்துச் சொல்லு கண்ணு. ஓ” என்றார். தன் வாயில் என்ன வந்தது என்று அவரே திகைத்துப்போனார். இளநகை கை தட்டினாள். ஒரு வழியாக இந்த ஊரில் ஒருத்தருக்காவது ஒழுங்காகப் பேச வருகிறதே என்பதுபோல் இருந்தது அந்தக் கைதட்டல்.

“இலக்கணப்படி பார்த்தால் தப்பொண்ணும் இல்லை” என்று காபியைக் குடித்தபடி டீச்சர் வசுமதியிடம் சொன்னார். “டக்காடி காரணப் பெயர். டும்பா இடுகுறிப் பெயர். இந்த ரெண்டுக்குள்ளேதான் எல்லாப் பெயரும் அடங்கும்.”

ஊராட்சித் தலைவர் நாச்சிமுத்துவின் முறை, புது ஞிஞ்ஞாத் தொட்டித் திறப்பு விழாவில் வந்தது. போட்டோவுக்காகக் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டவரின் மீசையை இளநகை இரண்டு கையாலும் பிடித்து, கிட்டத்தில் வைத்துப் பார்த்து, “புச்சி” என்றாள். மைக்கின் முன் நின்றவர் அதே மூச்சில், “அடுத்ததாக, நமது பெருமதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர், புச்சி அவர்கள் உரையாற்றுவார்கள்” என்றார். தலைவர் முகம் சிவந்து, பேசாமலே மேடையை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனார்.

அவருடைய மனைவி தெய்வாத்தாள் முப்பத்து நாலு வருஷமாகப் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்லுவாள். ஏனுங்க, இங்க பாருங்க, அவுங்கதான் என்றே காலம் போயிற்று. அன்று மத்தியானம் அவள் சோற்றை வடித்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, ஒரு தடவை யோசித்து, இது அவர் பெயர் இல்லையே என்று தனக்குள் ஒரு தீர்மானத்துக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “புச்சி!” என்று கூப்பிட்டாள். மூன்று தெருவுக்குக் கேட்டது. “புச்சி, சாப்புட வாங்க! புச்சி, சோறு ஆறுதுங்க!” அன்று முழுக்கக் காரியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தலைவர் மூன்றாம் நாள், “என்ன தெய்வா?” என்றார். அவரும் அதுவரை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இப்படி நான்கைந்து மாதம் நன்றாகத்தான் போயிற்று. சரசக்காதான் ஒருநாள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த இடத்தில், குழந்தையைப் பார்த்துக்கொண்டே, “ஏன் வசு, ஊருல இருக்கற அத்தனைக்கும் பேரு வெச்சுட்டா. உனக்கு என்னன்னு வெச்சிருக்கறா?” என்று கேட்டாள்.

வசுமதி ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். டும்பா சொன்ன நாளிலிருந்து அவள் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள். பூபதிக்குக்கூட ‘ப்பா’ என்று பெயர் வந்துவிட்டது. அதனால் ஊரில் அப்பாக்களுக்கு ஓர் எழுத்து குறைந்ததே ஒழிய வேறு சேதம் இல்லை. அம்மாவை மட்டும் குழந்தை ஒரு தரம்கூடச் சுட்டிக் காட்டவில்லை. உட்கார்ந்திருக்கிற இடுப்பை யார் சுட்டிக் காட்டுவார்கள்?

“இன்னும் வெக்கலக்கா” என்றாள்.

சரசக்கா ஜாக்கெட்டைக் கொடுக்க மறந்துபோய்த் திரும்பி நடந்தாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.  டீக்கடையில், எட்டு டக்காடி வைத்திருக்கிற ரங்கசாமி, ஐம்பத்தெட்டு வயது ஆள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “டும்பான்னா ஏறிக்கலாம். ஓன்னா நனஞ்சுக்கலாம். நாளைக்கு அந்தக் கொழந்த அம்மாவப் பாத்து கீக்கீன்னு சொல்லிப்போட்டா, என்ற அம்மாவ நான் என்னன்னு கூப்பிடுவேன்?”

அடுத்த நாள் ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். “என்னையப் புச்சின்னு சொன்னா. நான் ஏதாச்சும் சொன்னனா? சொல்லுல” என்று தலைவர் ஆரம்பித்தார். “ஆனா அம்மாங்கறது ஊருச் சொத்துங்க. அதத் தொடக் கூடாது.” குழந்தை அம்மா என்று சரியாகச் சொல்கிறவரை வேறு எதையும் பார்க்க வேண்டாம், வேறு எதையும் கேட்க வேண்டாம், அந்த வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் ஜன்னலருகில் நின்று ஒரு தடவை அம்மா என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று முடிவாயிற்று. பூபதியே அதை மைக்கில் அறிவிக்கும்படி ஆனது. வசுமதிக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது. அதனால் அவளும் மறுக்கவில்லை.

ஜன்னல்களில் திரை விழுந்தது. கீரைக்காரர் வந்து திரையை விலக்கி “அம்மா” என்றார். தபால்காரர் “அம்மா” என்றார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வரிசையாக வந்து அம்மா, அம்மா, அம்மா என்று சொல்லி ஓடினார்கள். தலைவர் காலையிலும் மாலையிலும் மீசையை ஒதுக்கிக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போனார். தெருவில் போன மாடுகள் மட்டும், அவை ஏற்கெனவே சரியாகச் சொல்லிக்கொண்டிருந்ததால், தொல்லைப்படாமல் போயின. இளநகை திறந்து மூடுகிற இத்தனை வாய்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்காம் நாள் அவள் ஞிஞ்ஞா கேட்கவில்லை. கொடுத்ததைக் குடித்தாள். ஏழாம் நாள், ஓ பெய்து ஓட்டில் சத்தம் கேட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்தாம் நாள் விரலை நீட்டுவதையே விட்டுவிட்டாள். கை மடியில் கிடந்தது.

டவுனில் டாக்டர் காதைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். “ஒரு கோளாறும் இல்லையேம்மா. வீட்டுல பேசக் கத்துக்குடுக்கறது யாரு?”

“ஊரு பூராங்க” என்றான் பூபதி.

டாக்டர் சிரித்துவிட்டார். வசுமதி சிரிக்கவில்லை.  திரும்பி வருகிற வழியில் பாலத்தைத் தாண்டியதும் சொன்னாள்: “எனக்கு அவ அம்மான்னு சொல்லலீனாலும் சரிங்க. ஒரு தடவ ஓன்னு சொன்னாப் போதும்.”

“ஊருல முடிவு பண்ணிட்டாங்களே, வசு.”

“ஊரா அவளப் பெத்துது?”

மறுநாள் வியாழக்கிழமை, சந்தை நாள். வசுமதி காலையில் எழுந்ததும் திரைகளை உருவிப் பெட்டிக்குள் போட்டாள். குழந்தைக்குச் சட்டை மாட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கப் பெரிய தெரு வழியாகவே சந்தைக்கு நடந்தாள். சந்தை வாசலில் தலைவர் கையை நீட்டி மறித்தார். பின்னால் ரங்கசாமியும் இன்னும் பத்துப் பேரும் நின்றார்கள்.

“அம்மிணி, என்ன பண்ற நீ? இன்னும் சொல்லுலயே அது.”

“சொல்லாதுங்க மாமா. பேச்சே நின்னுபோச்சு. பாருங்க அவள.”

தலைவர் பார்த்தார். இளநகை அவருடைய மீசையைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அது என்னவோபோல் இருந்தது. இருந்தாலும், “ஊருக்கு இருக்கறது ஒரே வார்த்தை…” என்று இழுத்தார்.

“அது ஊருக்குங்க. அவ கூப்பிடப்போறது என்னைய. அவ என்னன்னு கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பாப்பேன். கீக்கீன்னாலும் பாப்பேன்” என்றாள் வசுமதி. அவள் நகரவில்லை.

தக்காளிக் கூடைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெய்வாத்தாளின் குரல் வந்தது. “புச்சி! வழிய உடுங்க.”

தலைவர் கையை இறக்கினார்.

வசுமதி கத்தரிக்காய்க் குவியல்களையும் கோழிக் கூண்டுகளையும் வளையல் கடையையும் தாண்டி மெல்ல நடந்தாள். சொல்லு என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. கால் வலித்தபோது பொரிக்கடைப் பக்கம் புளியமர நிழலில் உட்கார்ந்து, ஒரு ரஸ்க்கை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தாள். ஊர் முழுக்கக் காய் வாங்குவதுபோல் பாவனை செய்துகொண்டு சுற்றி நின்றது. ரங்கசாமி ஒரே சுரைக்காயைக் கால் மணி நேரமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளநகை பாதி ரஸ்க்கை ஊற வைத்துச் சப்பித் தின்றாள். பிறகு அதை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். எச்சிலில் குழைந்துபோன அந்த மிச்சத்தை வசுமதியின் வாயில் வைத்து அழுத்தி, இன்னொரு கையின் ஒற்றை விரலால் அவள் கன்னத்தைத் தொட்டு, “இந்தா” என்றாள்.

கொடுக்கிறாள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். ஆனால் குழந்தை விரலை எடுக்கவில்லை. கன்னத்தைத் தட்டித் தட்டி, “இந்தா. இந்தா” என்று அந்த முகத்தையே கூப்பிட்டாள். வசுமதி ரஸ்க்கை வாயில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். இந்தா, பால் குடி. இந்தா, சட்டை போடு. இந்தா, பொம்மை. இந்தா, அழுகாத, இந்தா. காலையிலிருந்து படுக்கிறவரை அந்த முகம் வரும்போதெல்லாம் கையில் ஏதோ ஒன்று வந்திருக்கிறது, அதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்திருக்கிறது. இத்தனை நாளும் குழந்தை அதை அவளுடைய பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ரங்கசாமி சுரைக்காயைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். அவருடைய தாயார் சமையற்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று கூப்பிட வாயைத் திறந்தார். “இந்தா” என்று வந்தது. வந்ததோடு அவருடைய கையும் தானாக முன்னால் நீண்டது.

அந்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “என்றா குடுக்கற?”

கையில் ஒன்றும் இல்லை. ரங்கசாமி அவசரமாகச் சட்டைப் பையைத் துழாவி, முந்தின நாள் வாங்கிய கடலை மிட்டாயை எடுத்து வைத்தார். அவள் அதை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கீரையை ஒதுக்கி வைத்து, உட்கார்ந்த இடத்திலேயே தின்றாள். ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவள் தின்பதை அன்றுதான் தான் நின்று பார்த்ததாக ரங்கசாமி பிற்பாடு டீக்கடையில் சொன்னார்.

அன்று மாலை பூபதி ஆட்டோவைக் கிளப்பினான். பொருளைக் காட்டாமல் அறிவிக்க முடியாது என்பதால் வசுமதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, “அன்பார்ந்த பொதுமக்களே, இன்று முதல், இதோ, இவங்களுக்கு…” என்று ஆரம்பித்தான். வசுமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் எங்கள் ஊரில் யாரும் வெறுங்கையோடு அம்மாவைக் கூப்பிட முடியவில்லை. கூப்பிட்டால் கை நீளும். நீண்ட கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரிலிருந்து வந்து பைக்கை நிறுத்தும்போதே சோறு கேட்கிற தெய்வாத்தாளின் மகன்கள் கொய்யாப்பழம் கொண்டுவந்தார்கள், சீப்பு கொண்டுவந்தார்கள். ஒரு தடவை மறந்துபோய்ச் சின்னவன் கையிலிருந்த ஹெல்மெட்டையே நீட்டிவிட்டான். அவள் அதையும் வாங்கி ஆணியில் மாட்டிவிட்டுத் திருப்பித் தரவில்லை. கல் தடுக்கியவர்கள் “ஐயோ இந்தா!” என்று கத்திக் கையை நீட்டியதால், விழுகிறவர்களைப் பிடித்துக்கொள்வது பக்கத்தில் வருகிறவர்களுக்குச் சுலபமாயிற்று. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் விடுப்பில் இருந்த ஒருநாள், ஞானசுந்தரி டீச்சர் அந்த வகுப்பை எடுத்தார். புத்தகத்தில் அம்மா படம் போட்ட முதல் பக்கத்தை விரித்து அவர் சொல்ல, பிள்ளைகள் எல்லோரும் இந்தா என்று கூவி, அழிரப்பரும் புளியங்காயும் சட்டைப் பித்தானுமாகக் கையை நீட்டினார்கள். டீச்சரின் அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவருடைய கையும் சாக்பீஸோடு ஜன்னல் பக்கம் நீண்டிருந்தது. அவர் அதை உடனே மடக்கவில்லை. அதுவும் பாடம்தான் என்று நினைத்துப் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தார்கள்.

இளநகைக்கு மூன்று வயது நெருங்கும்போது நாக்கு திருந்தியது. ஒருநாள் நிழற்குடையில் “பஸ்சு” என்றாள். ஊருக்கு அந்த வார்த்தை திரும்பி வந்தது. இவ்வளவு சின்ன வார்த்தையா அது என்று எல்லோருக்கும் சப்பென்று போயிற்று. மழை வந்தது, தறி வந்தது, கண்ணாடி வந்தது. தலைவர் மாமா என்று அவள் சொன்ன அன்று நாச்சிமுத்து என்கிற பெயரும் வந்தது. ஆனால் தெய்வாத்தாள் மட்டும் புச்சியை விடவில்லை. கேட்டவர்களிடம், “நான் என்னங்க பண்றது? அவுங்க பேர நான் சொல்லக் கூடாதுல்ல” என்றாள்.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. வசுமதி மெஷினில் உட்கார்ந்து கல்யாண வீட்டு ஜாக்கெட் ஒன்றுக்குக் கை மடித்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால், “அம்மா” என்று கேட்டது.

அவள் திரும்பினாள். பழக்கத்தில் முதலில் குழந்தையின் கையைத்தான் பார்த்தாள். வலது கையில் ஒன்றும் இல்லை. இடது கையிலும் ஒன்றும் இல்லை. இரண்டு கையும் மேலே நீண்டிருந்தன.

“அம்மா, தூக்கு.”

அந்த நிமிஷத்தில் தெருவெல்லாம் ஆட்கள் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு கூச்சலிட்டார்கள் என்றும், ரங்கசாமி ஓடிப்போய்த் தன் வீட்டு வாசலில் நின்று நாலு தடவை கூப்பிட்டார் என்றும் பிற்பாடு சொன்னார்கள். வசுமதி ஒன்றையும் கேட்கவில்லை. ஊசி பாதித் துணியில் நிற்க, மகளைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் வரை வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள்.